முகம் தேவைப்படாத நாயகி

கே.பி.ஏ.சி. லலிதாவை நம்மில் பலர் முதலில் பார்த்தது ‘அலைபாயுதே’வில். மாதவனின் அம்மா. அப்போது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. படம் முடிந்ததும் மறந்துபோகிற, ஆனால் அடுத்த படத்தில் பார்த்தவுடன் ‘இவங்களா’ என்று தோன்றுகிற முகம். மலையாளத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் நடித்தவர் என்பதெல்லாம் மிகப் பிறகு தெரிந்துகொண்டது.

அவர் 2022 பிப்ரவரியில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பாதி, ‘நம்ம வீட்டு அம்மா போனாங்க’ என்கிற தொனியில் இருந்தன. அன்போடு எழுதியவைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு நெருடல். ஏனென்றால் நான் அவரைக் கொண்டாடத் தொடங்கியது, அவர் யாருக்கும் அம்மாவாக இல்லாத ஒரு படத்தில். அந்தப் படத்தில் அவர் முகமே இல்லை.

‘மதிலுகள்’. பஷீரின் குறுநாவல். சுகுமாரன் மொழிபெயர்ப்பில் தமிழில் படித்திருப்பீர்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கினார்; 1990இல் வெளியானது. அரசியல் கைதியான பஷீராக மம்மூட்டி. பெண்கள் சிறையையும் ஆண்கள் சிறையையும் பிரிக்கும் பெரிய மதில். அந்தப் பக்கம் நாராயணி. அவள் வந்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம், மேலே எறியப்படும் ஒரு காய்ந்த குச்சி. மற்றபடி அவள் வெறும் குரல். படம் பாதி கடந்தபிறகு வரும் அந்தக் குரல்தான் லலிதா.

நாராயணிக்குக் கதையில் வயது இருபத்திரண்டு. லலிதா அப்போது நாற்பதைத் தாண்டியவர். அதோடு கேரளத்தில் யார் கேட்டாலும் சட்டென்று அடையாளம் கண்டுவிடும் குரல். எனக்குப் படத்தை அறிமுகப்படுத்திய மலையாளி நண்பனுக்கு இதுதான் பெரிய குறை. “மொதல் வார்த்தையிலேயே லலிதா சேச்சின்னு தெரிஞ்சுடுதுடா. அப்புறம் மதில் எதுக்கு?” என்றான். தெரியாத ஒரு குரலைப் போட்டிருந்தால் நாராயணி கடைசிவரை கற்பனையாகவே இருந்திருப்பாள் என்பது அவன் வாதம்.

கொஞ்ச நாள் நானும் அதை நம்பினேன். பிறகு, ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தக் காட்சிகளை மட்டும் திரும்பக் கேட்டபோது வேறொன்று பிடிபட்டது. மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் கிசுகிசுக்க முடியாது. கத்தித்தான் பேச வேண்டும். ரோஜாச் செடி கேட்பதும், பொறாமைப்படுவதும், அழுவதும், என்னை மட்டும் நேசிப்பீர்களா என்று கேட்பதும் எல்லாமே உரத்த குரலில். அந்தரங்கத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அது அந்தரங்கமாகவும் இருக்க வேண்டும். மைக் உதட்டருகே இருக்கும் டப்பிங் அறையில் மட்டும் பழகியவரால் இதைச் செய்வது கஷ்டம். இது மேடையின் வித்தை. பக்கத்தில் நிற்கும் நடிகரிடம் சொல்லும் ரகசியம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதுதானே நாடக நடிகையின் அன்றாட வேலை?

லலிதா அங்கிருந்து வந்தவர். இயற்பெயர் மகேஸ்வரி. சிறுவயதிலேயே நடனம், பிறகு நாடகம். காயங்குளத்தில் இயங்கிய கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப், சுருக்கமாக கே.பி.ஏ.சி., கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு வளர்ந்த நாடகக் குழு. ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’யை 1952இல் மேடையேற்றியவர்கள். அந்த நாடகத்தை எழுதிய தோப்பில் பாசிதான் பின்னாளில் குழுவுக்கு வந்த மகேஸ்வரிக்கு லலிதா என்று பெயர் வைத்தார். சினிமாவில் ஏற்கெனவே திருவிதாங்கூர் சகோதரிகளில் ஒரு லலிதா இருந்ததால், குழுவின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது. எங்கள் தொழிலில் இதை நேம்ஸ்பேஸ் என்போம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், எங்கிருந்து வந்தது என்பதை முன்னால் சேர்ப்பது. அவர் விஷயத்தில் அது வெறும் அடையாளக் குறியாக நிற்கவில்லை. முதல் படமான ‘கூட்டுகுடும்பம்’ (1969) கே.பி.ஏ.சி. நாடகத்திலிருந்து வந்தது. இருபது வருடம் கழித்து மதிலுக்குப் பின்னால் நின்று பேசியதும் அந்த மேடைதான்.

நண்பனின் வாதத்துக்கு என் பதில் இன்னொன்றும் உண்டு. நான் கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்காருகிற ஆள். என் டீமில் ஒருவருடைய குரலை மட்டும் இரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்த அன்று அந்த முகம் ஒட்டவே இல்லை. ஒரு வாரம் கழித்து, கண்ணை மூடிக் கேட்டால் பழைய ஆள்தான் திரும்ப வந்தார். குரல் தனக்கென்று ஒரு முகத்தைக் கட்டி வைத்துக்கொள்கிறது. நிஜ முகம் வந்தாலும் லேசில் இடம் கொடுப்பதில்லை. தன் வலது கன்னத்தில் கறுப்பு மச்சம் இருக்கும் என்று கதையில் நாராயணி சொல்கிறாள். பஷீர் அவளை அடையாளம் காண்பதற்காக. அந்த இடத்தில் எனக்கு லலிதா முகம் வரவில்லை. மச்சமுள்ள, நான் பார்த்தேயிராத ஒருத்திதான் வந்தாள்.

இதுவரை எழுதிவிட்டு, ‘ஆகவே இது லலிதாவின் உச்சம்’ என்று முடித்திருப்பேன். என்னைத் தடுத்தது ‘அமரம்’.

1991இல் வந்த பரதன் படம். அதே மம்மூட்டி, இப்போது மீனவர் அச்சூட்டி. லலிதா பார்கவி. அச்சூட்டியின் மகள் காதலிக்கும் பையனின் அம்மா. அதாவது மம்மூட்டிக்குச் சம்பந்தியம்மா. இருவருக்கும் நிஜத்தில் சில வயதுதான் வித்தியாசம். குரலாக இருந்தபோது காதலி. முகம் வந்த அடுத்த வருடமே சம்பந்தி. இத்தனைக்கும் பரதன் அவர் கணவர். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் முகத்துக்கு நம் சினிமா என்ன வேலை வைத்திருந்தது என்பது இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிகிறது. ‘கொடியேற்ற’த்தில் கோபியின் இளம் மனைவியாக அவர் முகத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த அதே அடூர்தான், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்த முகத்தை மதிலுக்குப் பின்னால் வைத்தார். கதைக்கு அது தேவை, சரி. ஆனால் அந்த வயதில் காதலியாக இருப்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழியும் அதுதானோ?

விருதுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1989ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ‘மதிலுக’ளுக்காக அடூருக்கு விருது, மம்மூட்டிக்கு விருது, ஒலிப்பதிவுக்கும் விருது. குரலுக்கு இல்லை. அந்த வருடம் சிறந்த துணை நடிகை ‘புதிய பாதை’ மனோரமா. அவரும் மேடையிலிருந்து வந்தவர், அவரையும் நாம் ஆச்சி என்ற உறவுமுறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். லலிதாவுக்கு அடுத்த ஆண்டு ‘அமர’த்துக்குக் கிடைத்தது, பத்து வருடம் கழித்து ‘சாந்தம்’ படத்துக்கு. இரண்டும் துணை நடிகை.

பார்கவி மோசமான நடிப்பு இல்லை. அந்தக் கடற்கரைப் பெண்ணின் வாய்த்துடுக்கும் ஆற்றாமையும் அபாரம். பரதன் 1998இல் இறந்த பிறகு, அடுத்த வருடமே ‘வீண்டும் சில வீட்டுகாரியங்கள்’ படத்தில் திலகனின் மனைவியாகத் திரும்பி வந்தாரே, அதில் ஒரு சமையலறையையே தன் குரலால் நிரப்புவார். அம்மா வேடங்களை அவர் ஒருபோதும் அலட்சியமாகச் செய்யவில்லை. அலட்சியம் நம்முடையது. ‘நம்ம வீட்டு அம்மா’ என்று சொல்லும்போது, அவர் செய்ததை நடிப்பு என்று ஒப்புக்கொள்ளாமல் சுபாவம் என்று ஆக்கிவிடுகிறோம்.

நாராயணியைக் கேட்டவர்களுக்கு அந்தத் தப்பு நடக்காது. அதனால்தான் லலிதாவை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது நான் ‘மதிலுக’ளிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதலில் கேளுங்கள். அப்புறம் ‘அமரம்’ பாருங்கள். பார்கவி வாய் திறக்கும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் உங்களுக்குக் கேட்கிறாளா பாருங்கள். எனக்குக் கேட்டது.