‘லேயர்’ என்னும் சொல்லும் ‘பொருளடுக்கு’ என்னும் வழக்கும்

ஆங்கிலத்தில் ‘லேயர்’ என வழங்கும் சொல்லைத் தமிழிற் பெயர்ப்போர் பலர் ‘அடுக்கு’ என்னும் ஒரு சொல்லையே கைக்கொள்கின்றனர். அவ்வழக்கு இலக்கியத் திறனாய்விலும் புகுந்து ‘பொருளடுக்கு’ என்னுந் தொடராயிற்று. அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

‘கிடத்தல்’ என்னும் தன்வினைக்குக் ‘கிடத்துதல்’ பிறவினையாதல் போல, ஆங்கிலத்தில் ‘லை’ என்பதன் பிறவினை ‘லே’ என்பது. அதனோடு வினைமுதலை உணர்த்தும் ஈறு சேர்ந்து ‘லேயர்’ பிறந்தது. முதற்கண் அது கல் முதலியவற்றைக் கிடத்துவோனைக் குறித்தது. பின்னர், கிடத்தப்பட்ட பரப்பையும் குறிக்கலாயிற்று. முட்டையிடும் கோழியும், வேர்விடும்பொருட்டு மண்ணிற் பதிக்கப்படும் கிளையும் அப்பெயரே பெற்றன.

தமிழோ இப்பொருள்களை வெவ்வேறு சொற்களாற் பகுத்து வழங்குகின்றது. கிளையைப் பதித்தல் உழவர்க்குப் ‘பதியம்’. காய்ச்சிய பாலின்மேற் படர்வது ‘ஆடை’. தயிரின்மேல் நிற்பது ‘ஏடு’. கண்ணை மறைப்பது ‘படலம்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘ஓசோன் படை’ என்ன, தமிழ்நாட்டிற் பெருவழக்காயிருப்பது ‘ஓசோன் படலம்’. நாமக்கற் பகுதிக் கோழிப்பண்ணையார் ‘லேயர்’ என்றே வழங்குவர். இவற்றுள் ஆடையும் ஏடும் ஒன்றாய் நிற்றல் கூடும். அடுக்கோ பலவற்றை வேண்டி நிற்பது. ஒன்றன்மேல் ஒன்று தனித்தனியே அமைந்தனவே அடுக்கெனப்படும்.

இவ்வியல்பு அகழாய்விற்கு முற்றும் பொருந்தும். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், மண்ணடுக்குகளின் முறைவைப்பை நோக்கி, உரோம நாட்டு மட்கலங்களோடு கிடைத்த உள்நாட்டுக் கலங்களின் காலத்தை வரையறுத்தார். ஆண்டு மேலடுக்கை நீக்கினும் கீழடுக்கு நிற்கும். கீழது முந்தியது, மேலது பிந்தியது என்னும் முறையும் பெறப்படும்.

செய்யுட்பொருட்கு இவ்விரண்டும் உளவோ? எருமை பொய்கையைக் கலக்கித் தாமரையை மேய்வதாகக் கூறும் மருதப்பாட்டொன்றைக் கருதுக. அதனால் தலைவனது பரத்தமை உணர்த்தப்படுகின்றது. எருமையையும் தாமரையையும் நீக்கிவிடின், தலைவனைப் பற்றிய குறிப்பும் உடன் நீங்கும். இரண்டனுள் ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது என்றலும் இயலாது. இதனைத் தொல்காப்பியர் ‘உள்ளுறை’ என்றனர். கீழே கிடப்பது என்னாது உள்ளே உறைவது என்றமை நோக்கத்தக்கது. ‘பொருளடுக்கு’ என்போர் கருப்பொருளை உரித்தெறியத்தக்க மேற்றோலாக்கி விடுகின்றனர். பாட்டின் உயிரோ அக்கருப்பொருளிலேயே உள்ளது.

அடுக்கு என்னுஞ் சொல் திறனாய்விற்கு வேண்டா என்பது எம் கருத்தன்று. தொல்காப்பிய மரபியலிற் பிற்காலத்து நூற்பாக்கள் புகுந்துள என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அத்தகைய ஆராய்ச்சியிற் காலமுறையும் பிரித்துக் காண்டலும் வேண்டப்படுதலின், ஆண்டு ‘அடுக்கு’ என்றல் தகும். நூல் வளர்ந்த வரலாற்றிற்கு அடுக்கும், செய்யுள் உணர்த்தும் பொருட்கு உள்ளுறையும் என வேறுபடுத்து ஆளுதலே முறை. ஒரு சொல்லைப் பெயர்க்குங்கால் அதனுள் அடங்கிய உவமையும் உடன்வருதலின், அவ்வுவமை நம் பொருட்கு ஏற்குமோ என ஆய்ந்து கொள்ளுதல் திறனாய்வாளர் கடனாம்.