எதிர்பார்ப்பும் பயின்ற செவியும்
லெனாட் மேயரின் இசைக் கோட்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

இசையின் பொருள் யாது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளன. புறத்தேயுள்ள உணர்வுகளையும் நிகழ்ச்சிகளையும் இசை சுட்டுகின்றது என்பர் ஒரு சாரார். ஒலிகளின் உள்ளமைப்பிலேயே பொருள் அடங்கியுள்ளது என்பர் மறு சாரார். லெனாட் மேயர் 1956 இல் வெளியிட்ட ‘இசையில் உணர்ச்சியும் பொருளும்’ என்னும் நூல் இவ்விவாதத்தைக் கேட்போனின் மனத்துக்கு இடம் மாற்றியது. ஓரொலி அடுத்து வருவதை எதிர்பார்க்க வைக்கின்றது. அவ்வெதிர்பார்ப்புத் தாமதிக்கும்போதோ தடைப்படும்போதோ உணர்ச்சி பிறக்கின்றது என்பது அவரது கோட்பாட்டின் சாரம்.

இக்கோட்பாட்டின் வலிமை, எதிர்பார்ப்பை இயற்கையின் கொடையாகக் கொள்ளாது, ஓர் இசைமரபினுள் வாழ்ந்து பெறும் பழக்கமாகக் கொண்டமையாகும். பின்வந்த ஆய்வுகள் இதனை அரண்செய்துள்ளன. கவனம் எல்லாக் கணங்களிலும் ஒரேயளவாகப் பரவி நிற்பதில்லை. லயம் அதனை எதிர்பார்க்கும் கணங்களை நோக்கி இட்டுச்செல்கின்றது என 1976 இல் மாரி ரீஸ் ஜோன்ஸ் விளக்கினார். 2005 இல் ஹனன், திரெஹப் ஆகியோர் நடத்திய சோதனையில், சமமற்ற பிரிவுகளையுடைய பால்கன் நாட்டார் தாளங்களில் நேர்ந்த பிறழ்வை வட அமெரிக்க வளர்ந்தோர் உணரத் தவறினர்; பல்கேரிய, மசிடோனிய வளர்ந்தோர் உணர்ந்தனர். ஆறு மாதக் குழந்தைகளோ, வட அமெரிக்காவிற் பிறந்தவையாயினும், அப்பிறழ்வை இனங்கண்டன. செவியைச் சமூகமே வடிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நமது தாளமரபிலும் இவ்வுண்மையைக் காணலாம். தவிற்காரர் ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்துச் சமத்திலோ எடுப்பிலோ முடிக்கும் தீர்மானத்தில், முதலாம் முறை கேட்டவுடனேயே மூன்றாவதன் முடிவைச் செவி தேடத் தொடங்குகின்றது. கையால் தாளம் போடுவோன் அவ்விடத்தை எண்ணி அறிகின்றான். கோயில் வீதியில் ஆண்டாண்டாக நின்று கேட்டவனோ, எண்ணத் தெரியாதவனாயினும், அது வந்து விழும் கணத்தில் தலையசைக்கின்றான். இவ்விருவரது கேள்வியையும் எவ்வாறு மதிப்பிடுவது?

மேயரின் கோட்பாடு தளர்வது இவ்விடத்திலேயாம். அவர் கூறும் கேட்போன், மரபினை நன்கு உள்வாங்கிய ஒரு பொதுமனிதன். அவனுக்கு வர்க்கமுமில்லை, பள்ளியுமில்லை. 1962 இல் கேட்போரை வகைப்படுத்திய அடோணோ இக்குறையை உணர்ந்தவரெனினும், இசையமைப்பின் ஒவ்வோர் உறுப்பையும் தொடரவல்ல நிபுணனை உச்சத்தில் இருத்தி, ஏனையோரை அவனுக்குக் கீழே படிப்படியாக வரிசைப்படுத்தினார். சமூக விமர்சனமாகத் தொடங்கியது ரசனையின் படிநிலையாக முடிந்தது. 2006 இல் பிகான், பூலன்-ஷரோனா ஆகியோர் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கி, முறையான பயிற்சியற்றோரும் கேட்டுப் பழகியதனாலேயே நுண்ணிய இசையறிவைப் பெறுகின்றனர் என நிறுவ முயன்றமை அடோணோவுக்குத் தக்க மறுப்பாக அமைகின்றது. பயிற்சி பெயர்களைத் தருகின்றது. பல ஒலிகளுள் ஒன்றை வேண்டியவாறு பின்தொடரும் ஆற்றலையும் தரலாம். ஆனால் எதிர்பார்ப்பு அதற்கு முன்னரே பிறந்துவிடுகின்றது.

இசைப்பயிற்சி பொதுவான கவனத்தையே கூர்மையாக்கும் என்ற கூற்றையும் எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும். இரைச்சலிடையே பேச்சை உணர்வதில் இசைக்கலைஞர் சிறந்து விளங்கினர் என 2009 இல் ஓர் ஆய்வு கூறியது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் அவ்வேறுபாட்டைக் காணவில்லை. பயின்றோரையும் பயிலாதோரையும் ஒருமுறை ஒப்பிடுவதால் மட்டும் காரணத்தை அறிய இயலாது. பயிற்சி செவியைக் கூர்மையாக்கியதா, அன்றிக் கூரிய செவியும் குடும்ப வசதியும் வாய்த்தோரே பயிற்சியை நாடினரா? இளமையில் ஆசிரியரையும் வாத்தியத்தையும் பெறக்கூடியவர் யாவர் என்று கேளாத ஆய்வு, வசதியைத் திறமையென மயங்கக்கூடும்.

எனவே மேயரின் அடிப்படைக் கருத்தை ஏற்றுக்கொள்ளும் அதேவேளை, அவரது கேட்போனை வரலாற்றினுள் நிறுத்துதல் அவசியமாகின்றது. ‘ஞானமுள்ள ரசிகன்’ என்னும் தொடரைச் சபைகளின் முன்வரிசைக்கு உரித்தாக்கிவிடும் விமர்சனம், வீதியில் நின்று கேட்டோரின் அறிவை அறிவென்றே எண்ணுவதில்லை. பயிற்சி பரவலாக்கப்படுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், செவியற்றோருக்குச் செவி வழங்குவதற்காகவன்று. ஏலவே கேட்டறிந்திருப்பதைப் பிரக்ஞைபூர்வமாக எடுத்துரைக்கும் மொழியை மக்கள் பெறுவதற்காகவே அது வேண்டப்படுகின்றது. இசை விமர்சனத்தின் பணியும் அதுவே.