கல்லாச் சாவி யாரிடம்?

நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே வட்டாரத்தில் ஹாவ்லாக் நார்த் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. 2016 ஆகஸ்டில் அங்கே பெருமழை கொட்டியது. மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கை மழைநீரில் கரைந்து, ஊருக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறுகளுக்குள் இறங்கிவிட்டது. நிலத்தடி நீர் தூய்மையானது என்ற நம்பிக்கையில் அப்போது அதில் குளோரின் கலக்கப்படவில்லை. கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் 5,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு பேரின் இறப்பு இதனோடு தொடர்புடையதாகக் கருதப்பட்டது. அரசு அமைத்த விசாரணைக் குழு 2017இல் இரண்டு கட்டமாக அறிக்கை அளித்தது. நீராதாரத்தைக் காக்க வேண்டிய வட்டார மன்றமும், நீரை வழங்க வேண்டிய மாவட்ட மன்றமும் இணக்கமாகச் செயல்படாததை அது கடுமையாகக் கண்டித்தது. தண்ணீர் வழங்குவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பெரிய அமைப்புகள் வேண்டும் என்ற கருத்துக்கும் அந்த அறிக்கைதான் வலுச் சேர்த்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாவ்லாக் நார்த்துக்குத் தண்ணீர் தந்த ஹேஸ்டிங்ஸ் மாவட்ட மன்றம், ஆளும் பணமும் இல்லாத குட்டி மன்றம் அல்ல. அங்கே தவறியது அளவு அல்ல, பொறுப்பு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் அடுத்த பத்தாண்டு விவாதம் பெரும்பாலும் நடந்தது.

அந்த நாட்டில் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றையும் 67 உள்ளாட்சி மன்றங்கள் நடத்தி வந்தன. 2021இல் தொழிற்கட்சி அரசு எல்லாவற்றையும் நான்கு பேரமைப்புகளாக இணைக்கப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2023இல் நான்கு பத்தாயிற்று. ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில் அந்த இணைப்புச் சட்டமே நீக்கப்பட்டது. உள்ளூர்ச் சொத்தைப் பறிக்கிறார்கள் என்ற கோபமும், மேற்பார்வைக் குழுக்களில் மாவோரி மக்களுக்குத் தரப்பட்ட இடங்கள் பற்றிய சச்சரவும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. புதிய அரசு வேறு வழி பிடித்தது: சேர்வதா தனித்திருப்பதா என்பதை மன்றங்களே முடிவு செய்யலாம், ஆனால் 2025 செப்டம்பர் 3க்குள் திட்டத்தை எழுதித் தர வேண்டும். கட்டாயக் கல்யாணம் ரத்தாகி, பெண் பார்க்கும் படலம் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

சேர்ந்து நடத்துவது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எதைச் சேர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தலைநகர் வெலிங்டன் இதற்குத் தெளிவான சான்று. அங்கே 2014இலேயே பக்கத்து மன்றங்கள் கூடி வெலிங்டன் வாட்டர் என்ற பொது நிறுவனத்தை உருவாக்கின. 2019இல் தெற்கு வைராரப்பா மன்றமும் சேர்ந்தது. ஆனால் குழாய்கள் அந்தந்த மன்றத்தின் சொத்தாகவே நீடித்தன. எவ்வளவு செலவழிப்பது என்பதையும் மன்றங்களே முடிவு செய்தன. நிறுவனம் வேலையாள் மட்டுமே. கல்லாச் சாவி அதன் கையில் இல்லை. மண்ணுக்கடியில் இற்றுப்போகும் குழாய்க்காக வீட்டு வரியை உயர்த்தும் துணிவு தேர்தலைச் சந்திக்கும் உறுப்பினர்களுக்கு எளிதில் வருவதில்லை. விளைவு, அண்மை ஆண்டுகளில் அந்த நகரத்து வலையமைப்பில் விட்ட தண்ணீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு கசிந்தே போனது. 2019 டிசம்பரில் நகர மையத்தில் கழிவுநீர்ச் சுரங்கக் குழாய் இடிந்து, சாக்கடை துறைமுகத்தில் கலந்தது. அதற்காக நிறுவனத்தை மட்டும் அப்பாவி என்றும் சொல்வதற்கில்லை. குடிநீரில் ஃபுளூரைடு கலப்பது சில நிலையங்களில் நெடுநாள் நின்றுபோயிருந்ததும், அது மக்களுக்குச் சொல்லப்படாததும் 2022இல் வெளிவந்தன. குழாய் மாற்றும் வேலைக்கு அது பிற ஊர்களைவிட மிக அதிகமாகச் செலவழித்ததை 2025இல் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பணம் தரவில்லை என்று நிறுவனம் மன்றத்தைக் காட்டும், பணத்தை வீணாக்கியது என்று மன்றம் நிறுவனத்தைக் காட்டும். இரண்டுமே உண்மையாக இருந்ததால் இரண்டு தரப்புமே தப்பிக்க முடிந்தது.

ஆக்லாந்தில் நிலைமை வேறு. 2010இல் அந்த வட்டாரத்து மன்றங்கள் ஒரே மாநகர மன்றமாக இணைக்கப்பட்டபோது, அதுவரை மொத்தமாகத் தண்ணீர் விற்றுவந்த வாட்டர்கேர் நிறுவனம் வீட்டுக் குழாய் வரை பொறுப்பேற்றது. குழாய் அதனுடையது, மீட்டர் பார்த்து ரசீது அனுப்புவதும் அதுவே. குறையில்லாத நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். குழாய் உடைந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சான்றிலும் ஓர் ஓட்டை உண்டு. வாட்டர்கேருக்கு உரிமையாளர் ஒருவரே. பல எசமானர்களுக்கு நடுவே அதே ஒழுங்கு நிலைக்குமா என்பதை ஆக்லாந்து சொல்லாது.

பெரிதானால் செலவு குறையும் என்ற வாதத்தை நான் அரைமனதோடுதான் ஏற்கிறேன். ஐம்பது அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களின் குழாய்களை ஒரு பெயர்ப்பலகை இணைத்துவிடாது. ஒவ்வொரு ஊரின் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேயேதான் இருக்கும். பொறியாளர், ஆய்வகம், கொள்முதல், இரவுப் பணியாள் ஆகியவற்றைப் பகிரலாம். ஒரே ஒரு நீர்ப் பொறியாளரை நம்பியிருக்கும் சிறு மன்றத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான கவர்ச்சி கடனில் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கான பொதுக் கடன் நிறுவனம், புதிய நீர் நிறுவனங்களுக்கு அவற்றின் வருவாயைப் போல் ஐந்து மடங்கு வரை கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது; மன்றங்களுக்குரிய உச்சவரம்பு அதைவிட மிகக் குறைவு. எண்பது ஆண்டு உழைக்கும் குழாயின் விலையை இந்த ஆண்டு வரி கட்டுபவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல என்பதால் இதில் தவறில்லை. ஆனால் இதைச் சிக்கனம் என்று பெயரிட்டு விற்பது தவறு. கட்டணம் ஏறும், சேராவிட்டாலும் ஏறும்.

உள்ளூர்க் குரல் போய்விடும், எங்கள் பணத்தில் பக்கத்து ஊர்க் குழாயைச் சரி செய்வார்கள் என்ற எதிர்ப்பை ஏளனம் செய்ய முடியாது. ஒழுங்காகப் பணம் போட்டுப் பராமரித்த ஊருக்கு அந்த மனக்குறை இயல்பு. தொடக்க ஆண்டுகளில் ஊர்வாரியாகத் தனித்தனிக் கட்டணம் வைத்தால் அதற்குப் பெருமளவு பரிகாரம் உண்டு. ஆனால் விருப்பப்பட்டால் சேரலாம் என்ற ஏற்பாட்டுக்குள் இதே மனக்குறை வேறொரு கேட்டை விளைவிக்கிறது. பழைய குழாயும் குறைந்த மக்களும் நீண்ட தூரமும் கொண்ட மன்றத்துக்குத்தான் துணை அதிகம் தேவை. வரன் தேடும் சந்தையில் விலைபோகாததும் அதுவே. பேச்சுவார்த்தை முற்றிய பிறகும் கூட்டு உடையலாம்: தென் தீவில் நான்கு மன்றங்கள் கூடிப் பேசிய திட்டத்திலிருந்து 2025இல் வைடாகி மன்றம் விலகியது. அரசு இந்த இடத்தில் நடுவராக ஒதுங்கி நிற்பது, உள்ளூர் உரிமைக்கு மரியாதை போலத் தோன்றினாலும், எளியவர்களைக் கைவிடுவதாகவே முடியக்கூடும்.

வெலிங்டனில் பழைய நிறுவனத்துக்குப் பதிலாக டியாகி வாய் என்ற புதிய நிறுவனம் 2026 ஜூலை 1 முதல் பொறுப்பேற்பதாக ஏற்பாடு. இம்முறை குழாய், கடன், ரசீது மூன்றும் அதனிடமே போகின்றன. கட்டணத்தையும் சேவைத் தரத்தையும் வணிக ஆணையம் கண்காணிக்கும். கல்லாச் சாவி கைமாறுகிறது என்பதால் இதை வரவேற்கிறேன். மன்றங்கள் பங்குதாரர்களாக மேசைக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிடும். கட்டணத்தை உயர்த்தும் கடிதத்தில் இனி மேயரின் கையெழுத்து இருக்காது. அதைப் பிரித்துப் படிக்கும் வீட்டுக்காரர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார் என்பதைப் புதிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கிறவர்களுக்கு, இயக்குநர் குழுவின் பெயரும் ஒரு புகார் எண்ணும் மட்டுமே கிடைத்தால் போதாது.