நால்வர் நடை

ஹாங்காங்கின் மெக்லிஹோஸ் மலைப்பாதை 100 கி.மீ. நீளம். அதில் 1981-இல் கூர்க்கா சிப்பாய்களின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கர் என்ற நெடுநடை, 1986-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நடப்பவர்கள் திரட்டும் நிதி ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பின் வறுமை ஒழிப்புப் பணிகளுக்கு. நால்வர் அணி, 48 மணி நேரக் கெடு. நால்வரும் சேர்ந்தே போக வேண்டும் என்ற விதிதான் எனக்குப் பிடித்தது. வேகக்காரரின் மிடுக்கு அங்கே செல்லாது. சாய் குங் கடற்கரையை முதலிலேயே காட்டி மயக்கிவிட்டு, 957 மீட்டர் உயரத் தை மோ ஷானை எழுபதாவது கிலோமீட்டரை ஒட்டி நிறுத்தியிருக்கிறது பாதை. குறும்புதான்! அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக எண் பொறித்த கம்பங்கள். இருட்டில் கால் சுளுக்கியவர் இடத்தை விளக்கத் திணற வேண்டாம்; பக்கத்துக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும். மலையோட்டம் நடத்த நினைப்பவர்கள் டி-ஷர்ட் அச்சடிக்கும் முன் கம்பங்களுக்குப் பணம் ஒதுக்குங்கள்.