ஏறும் ஊக்கமும் தாங்கும் வலியும்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல் 48ஆம் அதிகாரம். ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். இவ்விரண்டனுள் ஊக்கமுடைமையை நம் ஆசிரியர்கள் விரும்பிக் கற்பிக்கின்றனர். பள்ளி விளையாட்டு விழாக்களில் பேசுவோர்க்கும் அதுவே கைகொடுக்கிறது. வலியறிதலோ அரசர்க்கும் படைக்கும் உரியது என்னும் எண்ணத்தால் பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. இவ்வாறு ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுவது சரியான கற்பித்தல் ஆகுமா? ஏட்டில் மட்டும் நின்று இதற்கு விடை காண்பதைவிட, நம் இளைஞர்கள் நன்கறிந்த ஒரு துறையில் வைத்துக் காண்பது நலம். காற்பந்துக் கழகங்கள் அடுக்கடுக்காக மேலேற விரும்பும் விருப்பத்தை அதற்கு எடுத்துக்கொள்வோம்.

பாசிர் ரிஸ் வட்டாரத்து இளைஞர் சிலர் கூடி ஒரு கழகம் அமைக்கின்றனர் எனக் கொள்வோம். வார இறுதியில் திடலில் ஆடுகின்றனர். வார நாளில் வேலைக்கும் படிப்புக்கும் செல்கின்றனர். அவர்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவது இயல்பு: 'இன்று கீழ் அடுக்கில் இருக்கிறோம், சில ஆண்டுகளில் உச்சிக்குச் செல்வோம்.' இவ்வெண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் சிங்கப்பூரில் இவ்வேணியின் அமைப்பு எத்தகையது?

தேசியக் காற்பந்து லீக் என முன்னர் வழங்கிய போட்டி பின்னர் சிங்கப்பூர்க் காற்பந்து லீக் என்னும் பெயர் பெற்றது. அதன் இரு பிரிவுகளுக்கிடையே வென்றவர் ஏறுவதும் தோற்றவர் இறங்குவதும் உண்டு. அதற்கு மேலே நிற்பது தொழில்முறைப் போட்டி. 1996இல் எட்டுக் கழகங்களுடன் எஸ்.லீக் என்னும் பெயரில் தொடங்கிய அது, 2018 முதல் சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக் எனப்படுகிறது. கீழே முதலிடம் பெற்றமையாலேயே ஒரு கழகம் அதனுள் நுழைய முடிந்ததில்லை. ஏணியின் கீழ்ப்படிகள் இருக்கின்றன, மேல்தளமும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் படி மட்டும் இல்லை.

அடுத்த பேட்டையான தெம்பனிசின் வரலாறு இதற்கு மாறன்றோ எனச் சிலர் கேட்கலாம். தெம்பனிஸ் ரோவர்ஸ் கழகம் 1945இல் ஆர்வலர் சிலரால் அமைக்கப்பட்டது. தேசிய லீக் பட்டத்தை 1979, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் வென்றது. எஸ்.லீக் பட்டத்தை 2004, 2005, 2011, 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் பெற்றது. எளிய தொடக்கத்திலிருந்து உச்சிக்குச் சென்ற கழகம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது படியேறி உள்ளே சென்றதன்று. 1996இல் புதிய லீக் அமைக்கப்பட்டபோது தேர்ந்துகொள்ளப்பட்ட எட்டனுள் ஒன்றாக அமர்ந்தது. அதன் தகுதி ஐம்பது ஆண்டுகளில் திரண்டது. வாயில் திறந்ததோ ஒரே முறை. ஆதலின் தெம்பனிசைக் காட்டிப் பாசிர் ரிஸ் இளைஞரை ஊக்குவிப்போர், அவ்வாயிலின் நிலையையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இனி வலியறிதலுக்கு வருவோம். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என நான்கையும் எடைபோட்ட பின்னரே ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்கருத்து. காற்பந்துக் கழகத்திற்கு இந்நான்கும் நன்கு பொருந்துகின்றன.

செயலின் வலிமை என்பது மேலடுக்கு வேண்டுவது. ஆட்டக்காரர்க்கு மாத ஊதியம், தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர், உரிய திடல், இளையோர் அணிகள் ஆகியன அங்கே இன்றியமையாதவை. வார இறுதியில் நன்றாக ஆடுவது ஒரு செயல். ஆண்டு முழுவதும் நாற்பது பேர்க்கு ஊதியம் கொடுப்பது முற்றிலும் வேறொரு செயல். எதிரியின் வலிமையும் அவ்வாறே. ஹோம் யுனைடெட் என்றிருந்த கழகம் 2020இல் தனியார் உடைமையாகி, லயன் சிட்டி செய்லர்ஸ் என்னும் பெயர் பூண்டது. 2025இல் ஆசிய அளவிலான இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று, ஷார்ஜா கழகத்திடம் தோற்றது. மேலேற விரும்பும் சிறு கழகம் எதிர்கொள்ள வேண்டியது இத்தகைய செல்வத்தையே.

தன் வலிமை என்னும்போது நாம் பெரும்பாலும் ஆட்டக்காரரின் காலையும் மூச்சையும் நினைக்கிறோம். வள்ளுவர் நினைத்தது அவ்வளவு மட்டுமன்று. வலியறிதலின் பத்துக் குறள்களுள் இறுதி நான்கும் ஈகையையும் வரவையும் செலவையும் பற்றியன. படை, பகை என்று தொடங்கிய அதிகாரம் ஏன் வரவு செலவில் முடிகிறது? மாணவர் கேட்கத்தக்க நல்ல கேள்வி இது. பொருளும் வலிமையின் ஒரு கூறே என்பதும், வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதவரை கேடில்லை என்பதும் விடையாகும். இவ்விடையின் உண்மையைக் கழகங்களின் வரலாறு மெய்ப்பிக்கிறது.

சிங்கப்பூர் ஆயுதப்படையின் கழகமாகத் தொடங்கிய வாரியர்ஸ் கழகம் லீக் பட்டத்தை ஒன்பது முறை வென்றது. அத்துணை வெற்றிகளைப் பெற்ற கழகமும் நிதிச் சிக்கலால் 2020இல் போட்டியிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது. தஞ்சோங் பகார் யுனைடெட் 2004ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் விலகி, 2011இல் மீண்டு, மறுபடியும் விலகி, 2020இல் திரும்பவும் வந்தது. வருவாய் வரும் வழியும் எண்ணத்தக்கது. உள்ளூர்க் கழகங்கள் சில நெடுங்காலம் ஜாக்பாட் இயந்திரங்களின் வருவாயை நம்பியிருந்தன. அவ்வியந்திரங்களுக்கான விதிகளை இறுக்குவதாக 2017இல் அரசு அறிவித்தபோது, அவற்றின் அடித்தளமே ஆட்டம் கண்டது. தம் கையில் இல்லாத ஊற்றிலிருந்து வரும் நீரை நம்பிப் பயிரிட்ட நிலை அன்றோ இது?

வலியறிதலின் மூன்றாம் குறளைக் கற்பிப்போர் ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். தம் வலிமையை அறியாமல், உள்ளக் கிளர்ச்சி ஒன்றனாலேயே தொடங்கி, நடுவில் முறிந்தவர் பலர் என்று அது கூறுகிறது. அக்கிளர்ச்சிக்கு அங்கே ஆளப்படும் சொல் ஊக்கம் என்பதே. 60ஆம் அதிகாரத்தில் உடைமைகளுள் தலையாயது எனப் போற்றப்படும் அதே ஊக்கம், 48ஆம் அதிகாரத்தில் ஒருவனை முறிக்கும் விசையாகக் காட்டப்படுகிறது. இது முரண் அன்று. வலியறிந்தவனிடம் ஊக்கம் செல்வம். வலியறியாதவனிடம் அதுவே கேடு. வலியறிதல் முன்னும் ஊக்கமுடைமை பின்னுமாக நூலில் நிற்பதும் நம் கருத்துக்கு இசைவாகவே உள்ளது.

இந்நுட்பத்திற்கு இங்கிலாந்து தெளிவான சான்று தருகிறது. அங்கே 1992இல் இரு சிறு கழகங்கள் இணைந்து ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் உருவாயிற்று. காலணித் தொழிலதிபர் ஒருவரின் பெரும்பொருள் அதற்குத் துணை நின்றது. 2001இல் அது தேசிய லீக்கினுள் நுழைந்தது. 2003இல் மேலும் ஓரடுக்கு ஏறியது. புரவலர் 2005இல் விலகினார். அடுத்த ஆண்டே கழகம் லீக்கை விட்டு இறங்கியது, 2011இல் கலைந்தது.

அதே 2011இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் கழகம் அதே லீக்கினுள் நுழைந்தது. தம் ஊர்க் கழகம் மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்க்கப்படுவது கண்டு வருந்திய சுவைஞர்கள் 2002இல் தாமே தொடங்கிய கழகம் அது. மிகத் தாழ்ந்த அடுக்கில் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை ஏறியது. அதன் உரிமை சுவைஞர்களின் அறக்கட்டளையிடம் இருந்தது. 2020இல் தன் பழைய வட்டாரமான பிளவ் லேனுக்கே திரும்பியது. இரு கழகங்களும் விரைந்தே ஏறின; ஊக்கத்தில் இரண்டும் குறைந்தனவல்ல. ஒன்றன் வலி ஒருவர் பணப்பையில் இருந்தது; மற்றொன்றன் வலி பல்லாயிரவர் பற்றில் இருந்தது. வேறுபாடு அதுவே.

நான்காவதான துணைவலி நம்மவர்க்கு மிகவும் தொடர்புடையது. மலேசியாவில் இந்தியச் சமூகத்தின் விளையாட்டு அமைப்புகள் வளர்த்த மிஸ்க்-மீஃபா கழகம் 2017இல் இரண்டாம் அடுக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் உச்ச அடுக்காகிய சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. தமிழர் பெரும்பங்கு கொண்ட ஒரு சமூகம் பெருமைப்படத்தக்க ஏற்றம் இது. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு அக்கழகம் லீக்கை விட்டு விலகியது. நான்கு பருவங்களே உச்சியில் நின்றது. ஒரு சமூகத்தின் கழகம் ஏறும்போது மகிழ்பவர் பலர். ஆட்டம்தோறும் நுழைவுச்சீட்டு வாங்கி இருக்கையில் அமர்பவர் எத்தனை பேர்? துணைவலி இவ்வெண்ணிக்கையால் அளக்கப்படுவது. மேடை வாழ்த்தால் அன்று.

இவ்வளவும் கூறியதால், சிறு கழகங்கள் தம் நிலையில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பது நம் கருத்தெனக் கொள்ளற்க. வலியறிந்து ஏறுபவனுக்கும் படி வேண்டுமே! படி இல்லாத இடத்தில் வலியின்மையைக் குறை கூறுவது நீதியன்று. இங்கிலாந்தில் 1888இல் லீக் தோன்றியது. 1986 வரை கீழுள்ள கழகம் உள்ளே செல்ல, உள்ளிருக்கும் கழகங்களின் வாக்கைப் பெற வேண்டியிருந்தது. வெற்றியாலேயே நுழையும் வழி திறந்து, ஸ்கார்பரோ கழகம் முதன்முதலில் ஏறியது 1987இல். அப்படியை அமைக்க அந்நாட்டிற்கே 99 ஆண்டுகள் ஆயின!

இந்தியாவிலும் இந்நிலை இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. ஐ-லீக்கில் வென்ற கழகம் அதனுள் ஏறும் வழி 2023இல்தான் திறந்தது; பஞ்சாப் கழகம் முதலிலும், 2024இல் முகமதன் கழகம் அடுத்தும் ஏறின. இவ்வழி திறக்கும் முன்னரே, 2018–19இல், கோயம்புத்தூரைத் தன் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி கழகம் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதனைப் பயிற்றுவித்த அக்பர் நவாஸ் சிங்கப்பூரர். முன்பு தெம்பனிஸ் ரோவர்சுக்கும் பயிற்சி அளித்தவர். தமிழகத்துக் கழகம் ஒன்று அகில இந்தியப் பட்டம் வென்றும் அதற்கு மேற்படி இல்லை. 2020–21க்குப் பின்னர் அது ஐ-லீக்கிலும் இடம்பெறவில்லை. வென்றவனுக்கு அடுத்த படியைக் காட்டாத போட்டியில், வெற்றியின் மதிப்பே குறைகிறது.

ஆகவே குறை இருபாலும் உண்டு. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் அப்படியை அமைக்கத் தயங்குவதற்குக் காரணம் கூறலாம்: நாடு சிறிது, ஊதியம் கொடுக்கும் ஆற்றலுள்ள கழகம் சில, ஏறியது முறிந்தால் ஆட்டக்காரர் துன்புறுவர். இக்காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. முதன்முதல் ஏறிய ஸ்கார்பரோவே 1999இல் இறங்கி 2007இல் கலைந்தது. ஆயினும் இது வாயிலில் எடைக்கல் வைப்பதற்குக் காரணமாகுமேயன்றி, வாயிலை அடைப்பதற்குக் காரணமாகாது. வரவு செலவு, திடல், இளையோர் பயிற்சி ஆகியவற்றுக்கு அளவு வகுத்து, 'இவற்றை நிறைவேற்றி வென்ற கழகம் ஏறலாம்' என அறிவித்தால், கீழடுக்கின் ஒவ்வொரு கழகமும் அவ்வளவை நோக்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். எட்ட இயலும் அளவே மாந்தரை வளர்க்கும்.

அப்படி அமையும் நாள் வரையில் பாசிர் ரிஸ் இளைஞர் செய்யத்தக்கது யாது? இன்று கையிலுள்ள இரு பிரிவுகளுள் ஏறுவது ஓர் உண்மையான ஏற்றமே. செலவை வரவுக்குள் நிறுத்துவதும், ஒரு புரவலரை நம்பாமல் நூறு குடும்பங்களின் சிறு தொகையை நம்புவதும், பத்து வயதுச் சிறுவர்க்கு ஓர் அணி அமைப்பதும் வலியைத் திரட்டும் வழிகள். வாயில் திறந்தபோது தெம்பனிசிடம் அத்தகைய வலி இருந்தது. திறவாத வாயிலுக்காகவும் ஆயத்தமாயிருப்பதே ஊக்கமுடைமையின் நற்பொருள்.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊக்கமுடைமையைக் கற்பிக்கும்போது வலியறிதலையும் உடன்வைத்துக் கற்பியுங்கள். வகுப்பில் காற்பந்து ஆடும் மாணவன் ஒருவன் இருப்பான். அவன் கழகத்தின் நான்கு வலிகளையும் எழுதிவரச் சொல்லுங்கள். கடைசி நான்கு குறள்களுக்கு வரும்போது, அவன் கழகத்தின் ஓராண்டு வரவு செலவையும் கேளுங்கள். உரையாசிரியரின் துணையோடு தன் கழகக் கணக்கையும் வைத்துப் படிக்கும் மாணவனுக்கு, அவ்வதிகாரம் அரசர்க்கு மட்டும் உரியதாக இனித் தோன்றாது.