ஆடுகளமும் உடைமையும்: லினக்ஸ் வழங்கல்களும் கணினி விளையாட்டும் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழிலக்கிய ஆய்வாளரிடையே வேரூன்றவில்லை. நாட்டார் வழக்காற்றியல் நூல்களின் இறுதி இயல்களில் கிளித்தட்டும் கிட்டியும் போர்த்தேங்காயும் பட்டியலிடப்படுவதுண்டு. அதற்கப்பால் எவரும் செல்வதில்லை. ஆயின் இன்றைய இளந்தலைமுறையினரின் ஓய்வுப்பொழுதைப் பெருமளவிற் கவர்ந்துகொண்டுள்ள கணினி விளையாட்டு, கதையும் பாத்திரமும் உரையாடலும் விழுமியமும் கொண்ட ஒரு கலைவடிவம் என்பது மறுக்கற்பாலதன்று. கதை உள்ள இடத்திற் கருத்துநிலை உண்டு. கருத்துநிலை உள்ள இடத்தில் அதனைத் தாங்கிநிற்கும் உற்பத்தி உறவுகள் உண்டு. இவ்வகையில் நோக்குமிடத்து, லினக்ஸ் இயங்குதளத்தில் நிகழும் விளையாட்டு விசேட கவனத்துக்குரியதாகின்றது. பொதுவுடைமையாக உள்ள ஒரு களத்தின்மீது தனியுடைமைப் பண்டம் எவ்வாறு வந்து அமர்கின்றது என்ற வினாவை அது கூர்மையாக எழுப்புகின்றது.

தீவுப் பகுதியிலிருந்து இவ்வினாவை நோக்குவது பொருத்தமானது. ஊர்காவற்றுறையை யாழ் நகருடன் பண்ணைத் தாம்போதி இணைக்கின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல்வழியே செல்லவேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் இயந்திரங்களின் துணையோடு மின்சாரம் பெற்று வந்தவை. இம்மூன்று தீவுகளிலும் காற்று, சூரியன், மின்கலம், டீசல் ஆகியன இணைந்த மின்திட்டம் ஒன்றை அமைக்கும் வாய்ப்பு 2021இல் முதலிற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. பின்னர் ஏறத்தாழ 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையின் கீழ் 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தம் கைமாறியது. ஒரு தீவின் விளக்கு எந்த வல்லரசின் பணத்தில் எரிவது என்பதே சர்வதேச அரசியலாகும் நிலையில், அவ்விளக்கின் கீழிருந்து ஒரு சிறுவன் விளையாடும் விளையாட்டு மாத்திரம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பார் கூற்றை நாம் எங்ஙனம் ஏற்றுக்கொள்வது?

லினக்ஸ் பற்றிச் சில சொற்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடக்கிய குனூ திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து உருவாகிய இவ்வியங்குதளத்தின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்திப் பகிர்வோர் அதே உரிமையைப் பிறருக்கும் வழங்கவேண்டும் என்ற நிபந்தனை அதன் உரிமத்தில் உண்டு. எனினும் சாதாரண மனிதர் மூலநிரலை நேரே பெற்றுப் பயன்படுத்துவதில்லை. டெபியன், பெடோரா, உபுண்டு, ஆர்ச் முதலிய 'வழங்கல்கள்' ஆயிரக்கணக்கான மென்பொருட்களைத் தெரிந்து, ஒன்றோடொன்று இசையச் செய்து, பொதிகளாக்கிக் கையளிக்கின்றன. எமது கூத்து மரபை அறிந்தோருக்கு இது புதிதன்று. பிரதியைப் பேணி, ஊருக்கேற்பக் கூட்டியும் குறைத்தும், ஆடுவோரைப் பழக்கி மேடைக்குக் கொணரும் அண்ணாவியார் செய்யும் பணியையே வழங்கலைப் பேணுவோரும் செய்கின்றனர். அண்ணாவியார் எதனை மேடையேற்ற மறுக்கின்றார் என்பதிலேதான் அவரது கொள்கை தெரியவரும். வழங்கலும் அத்தகையதே.

டெபியனின் நிலைப்பாடு இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1993இல் இயன் மர்டொக் தொடக்கிய இவ்வழங்கல், 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின்படி, கட்டற்ற மென்பொருளை மாத்திரமே தனது முதன்மைப் பகுதியில் அனுமதிக்கின்றது. தானே கட்டற்றதாயினும் இயங்குதற்குக் கட்டற்றதல்லாத ஒன்றை வேண்டிநிற்கும் மென்பொருளுக்குத் தனியானதொரு பகுதி உண்டு. இப்பாகுபாடு விளையாட்டில் சுவையான விளைவுகளைத் தந்தது. 'டூம்' என்னும் விளையாட்டின் மூலநிரலை அதன் ஆக்கநிறுவனம் 1997இல் வெளியிட்டது. 'குவேக்' விளையாட்டின் மூலநிரல் 1999இல் வெளிவந்தது. ஆனால் படங்களும் ஒலிகளும் களங்களும் நிறுவனத்தின் உடைமையாகவே நின்றன. ஆட்டமுறை பொதுச்சொத்து, பாடல் தனிச்சொத்து என்றவாறு. 'பிரீடூம்' திட்டத்தினர் புதிய படங்களையும் களங்களையும் தாமே ஆக்கி அவ்வெற்றிடத்தை நிரப்ப முனைந்தனர். உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் இலக்கியத்தில் நடத்திய நீண்ட விவாதங்களுக்கு, சட்டமே இவ்வாறு கோடு கிழித்துக் காட்டும் உதாரணம் வேறெங்கும் கிடைத்தல் அரிது.

ஆயின் டெபியனது தூய்மையும் வரலாற்றின் அழுத்தத்துக்கு உட்பட்டதே. வன்பொருளை இயக்குதற்கு வேண்டிய கட்டற்றதல்லாத சாதனநிரல்களை நிறுவலிலேயே சேர்த்துக்கொள்வதென 2022இல் வாக்கெடுப்பு மூலம் முடிவாயிற்று. பெடோராவோ சாதனநிரல்கள் நீங்கலாக, கட்டற்றதல்லாதவற்றைத் தனது களஞ்சியத்திற் சேர்ப்பதில்லை. 2018 முதல், விரும்புவோர் ஒப்புதல் தந்தால் என்விடியா இயக்கியையும் ஸ்டீம் செயலியையும் வெளிக்களஞ்சியங்களிலிருந்து பெற வழிசெய்துள்ளது. முன்வாசலை மூடிப் பக்கவாசலைத் திறந்துவைத்தல் எனலாம். இதனை நாம் ஏளனத்தோடு கூறவில்லை.

இனி மையப் பிரச்சினைக்கு வருவோம். விண்டோசுக்கென ஆக்கப்பட்ட செயலிகளை லினக்ஸில் இயக்கும் 'வைன்' திட்டம் 1993இல் தொடங்கிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலர் ஊதியத்துக்கும் ஊதியமின்றியும் உழைத்த அந்நிரலின்மீது, 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் 'புரோட்டன்' என்னும் தனது கருவியை அமைத்தது. 2022 பெப்ரவரியில் ஆர்ச் வழங்கலை அடியாகக் கொண்ட இயங்குதளத்தோடு 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. ஸ்டீம் பயனரிடையே லினக்ஸ் பயனரின் பங்கு 2025 ஒக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைக் கடந்தது. இதனைக் கட்டற்ற மென்பொருளின் வெற்றியெனக் கொண்டாடுவோர் பலர். வால்வ் தனது திருத்தங்களுட் பெரும்பாலானவற்றைத் திறந்த நிரலாகவே திருப்பித் தந்துள்ளது என்பதையும் மறைத்தல் முறையன்று. விண்டோசின் ஏகபோகத்துக்கு அஞ்சிய ஒரு முதலாளி பொதுநிலத்திற் கிணறு வெட்டினார். அக்கிணற்றின் நீரை ஊரவரும் அள்ளினர். முரண்பாடு இதுவே.

ஆனாற் கிணற்றின் அருகே கடையும் எழுந்துவிட்டது. ஸ்டீமில் 'வாங்கப்படும்' விளையாட்டு வாங்குபவரின் உடைமையாவதில்லை. அது மீளப்பெறத்தக்க ஓர் உரிமமே. இதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமியற்ற நேர்ந்தது. அக்கடையின் நலன் வழங்கல்களின் தீர்மானங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கியுள்ளது. 2019 யூனில் உபுண்டு 32 பிற்று நூலகங்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பழைய விளையாட்டுகள் பலவும் ஸ்டீம் செயலியும் அவற்றையே நம்பியிருந்தன. அப்பதிப்பை ஆதரிக்கமாட்டோம் என்று வால்வ் தரப்பிலிருந்து குரல் எழுந்த சில நாட்களுக்குள் உபுண்டு பின்வாங்கியது. பின்வாங்கியமை விளையாட்டாளருக்கு நன்மையே. எனினும் யாருடைய குரலுக்கு அது செவிசாய்த்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்னொரு சான்று. பலர் ஒருங்கே ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் நிரல்களுள் முக்கியமான இரண்டு, 2021 முதல் புரோட்டனில் இயங்கத்தக்கவையாயின. தொழில்நுட்பத் தடை பெருமளவு நீங்கிற்று. அவற்றுள் ஒன்றின் உடைமையாளரான எபிக் நிறுவனமோ தனது 'போர்ட்நைற்' விளையாட்டை லினக்ஸில் ஆட அனுமதிக்கவில்லை. முன்பு அனுமதித்திருந்த 'ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ்' 2024 ஒக்டோபர் இறுதியிற் கதவடைத்தது. ஏமாற்றுவோர் லினக்ஸைப் பயன்படுத்துகின்றனர் என்பதே கூறப்பட்ட காரணம். அதில் உண்மை இருக்கலாம். கிளித்தட்டிலும் ஏமாற்றுவோர் உண்டு. அவர்களை ஆடுவோரே கண்டு, பேசி, வெளியேற்றுவர். இங்கோ ஆடுவோரின் கணினியின் கருவுக்குள் நிறுவனத்தின் காவலாளி அமரவேண்டும் என்பது கோரிக்கை. தன் கணினி தனக்குரியது எனக் கருதுபவன் ஐயத்துக்குரியவனாகின்றான்.

இதுவரை உற்பத்தி உறவு பற்றிப் பேசினோம். உள்ளடக்கத்துக்கு வருமிடத்து நமது தரப்பையும் விமர்சித்தல் அவசியமாகின்றது. முழுமையாகக் கட்டற்ற விளையாட்டுகளுள் 'வெஸ்நோத்துக்கான போர்' தலையாயது. 2003இல் டேவிட் வைற் தொடக்கிய இது, உலகெங்குமுள்ள தொண்டர் பலரின் கூட்டு உழைப்பாற் செழித்தது. பெரும்பாலான வழங்கல்களில் ஒரு கட்டளையோடு வந்து சேரும்; பழைய கணினியிலும் இயங்கும்; இணையம் வேண்டியதில்லை; ஒரே கணினியின்முன் இருவர் மாறிமாறி ஆடலாம். கூட்டுப் படைப்பின் மேன்மைக்கு இதனிலும் நல்ல சான்று காட்டுதல் எளிதன்று.

கதை யாது? அரியணையைக் கவர்ந்துகொண்ட அரசி அஷிவியர். அவள் வாளுக்குத் தப்பி எல்ப் என்னும் வனமக்களிடையே வளரும் இளவரசன் கொன்ராட். அவனைக் காக்கும் முதிய மந்திரவாதி டெல்பாடர். உரிமையை நிறுவுதற்கு வேண்டிய நெருப்புச் செங்கோல். 'அரியணையின் வாரிசு' என்ற இப்பகுதியைப் படிக்கும் எவருக்கும், எமது கரையோரக் கத்தோலிக்கக் கூத்துகளின் கொலுமண்டபங்கள் நினைவுக்கு வரும். கடலில் உழைத்த மக்கள் இரவு முழுதும் முடிபுனைந்து மன்னராக ஆடினர். இங்கு ஊதியமின்றி உழைத்த நிரலாளர் இரவு முழுதும் மன்னருக்காக நிரல் எழுதினர். உற்பத்தி முறை பொதுவுடைமை சார்ந்தது. கற்பனையோ நிலப்பிரபுத்துவத்தைத் தாண்டவில்லை. வீரயுகப் பாடல்களை அவை தோன்றிய சமுதாய நிலைமைகளில் வைத்து விளக்கும் முறையைக் கைலாசபதி தமது ஆய்வில் (1968) எமக்குக் கற்பித்தார். அந்நிலைமைகள் மறைந்து நெடுங்காலமான பின்னரும் அவ்யுகத்தின் ஒப்பனை மட்டும் சந்தையிலும் சந்தைக்கு வெளியிலும் ஒருங்கே உயிர்வாழ்வது ஏன் என்பதை இனித்தான் ஆராயவேண்டும்.

கதையைவிட ஆட்டவிதி அதிகம் பேசுகின்றது. இவ்விளையாட்டில் ஊர்கள் உண்டு, ஊரவர் இல்லர். ஊரொன்றைக் கைப்பற்றியவருக்கு ஒவ்வொரு முறையும் பொன் கிடைக்கும்; காயமுற்ற வீரன் அங்கே தங்கிக் குணமடைவான். உழவன் தோன்றுவதும் மிகக் குறைந்த விலையில் வாங்கத்தக்க கீழ்நிலை வீரனாகவே. வரிக்கணக்கிற் காணப்படும் கிராமம் இது. ஆடுபவன் அரசனின் கண்ணால் ஊரைக் காணப் பழகுகின்றான். அதுவும் அவன் அறியாமலே. உரையாடல்களின் இலக்கியத் தரத்தை மாத்திரம் பார்க்கும் விமர்சகர் இதனைத் தவறவிடுவர்.

எதிர்ப்போக்கும் உண்டு. அதே விளையாட்டின் 'விடுதலை' என்ற பகுதியில், அரசியின் கொடுமைக்கெதிராக எல்லைப்புற ஊர்மக்கள் பால்ட்ராஸ் என்பவனின் தலைமையில் எழுகின்றனர். வாரிசு இல்லை, செங்கோல் இல்லை. ஊரைக் காத்தலே நோக்கம். கலைநயத்தில் முன்னதற்குச் சற்றுக் குறைந்ததாயினும், எமது மதிப்பீட்டில் அதனிலும் முதிர்ந்த படைப்பு இதுவே. இத்தகைய பகுதியை எவரும் எழுதிச் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு இன்றேல் இது தோன்றியிராது. வணிக விளையாட்டில் வாசகர் எதிர்க்கதை எழுதுவதற்கு உரிமையாளர் இடந்தரவேண்டும். இங்கு உரிமமே இடந்தந்துள்ளது.

தீவகத்துக்கு இவற்றாற் பயன் என்ன என்று கேட்கலாம். இன்றைய பெரிய வணிக விளையாட்டுகள் பல 100 கிகாபைற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய வரைவியல் அட்டையின் விலை கடற்றொழிலாளர் குடும்பமொன்றின் எட்டுக்கு அப்பாற்பட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் நின்றுவிட்டமையால், சனசமூக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் உள்ள பழைய கணினிகள் பல நிறுவனத்தின் கணக்கிற் கழிவுகளாகிவிட்டன. லினக்ஸின் கணக்கில் அவை கழிவல்ல. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அரசு வழங்கல் ஒன்றை வைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, அதில் விளையாடுதற்கும் வாசித்தற்கும் தமிழில் ஏதேனும் இருக்கவேண்டும் என்பதே அவ்வனுபவம் பற்றிய எமது கருத்து.

வெஸ்நோத்தின் உரையாடல்கள் யாவும் மொழிபெயர்ப்புக்கென வெறும் எழுத்துக்கோப்புகளாகக் கிடைக்கின்றன. ஒரு விரலளவு நினைவகத்தில் அவற்றை இட்டுக் குறிகட்டுவானிற் படகேறி, நெடுந்தீவில் இணையமின்றியே மொழிபெயர்க்கலாம். நாம் சில பக்கங்களை முயன்று பார்த்தோம். முதற் பக்கத்திலேயே இடர் தோன்றிற்று. வடக்கிலிருந்து படையெடுக்கும் 'ஓர்க்' இனத்தாரைத் தமிழில் என்ன பெயரால் அழைப்பது? உடனிருந்த நண்பர் 'அரக்கர்' என்றார்; அகராதியும் அதனையே தரும். அரக்கரின் நாடென்று காவியங்கள் குறித்த தீவிலிருந்து எழுதும் நாம், எதிரியின் பெயராக அச்சொல்லை ஆளும் உரிமையுடையோமா என்று அன்று மாலை வரை விவாதித்தோம். முடிவில் 'ஓர்க்கர்' என்றே எழுதிவிட்டோம்; நண்பர் இன்னும் உடன்படவில்லை.