அந்திப்பொழுதும் ஒரு சவர்க்காரக் கட்டியும்
சாகியின் சிறுகதையொன்று பற்றிய சில சிந்தனைகள்

'சாகி' என்னும் புனைபெயரில் எழுதிய எச். எச். மன்றோ (1870–1916) முற்போக்காளர் அல்லர். பர்மாவிலே பிறந்து, சிறிது காலம் அங்கு காலனித்துவப் பொலிஸ் சேவையிலுமிருந்து, முதலாம் உலகப்போரில் பிரான்சியப் போர்முனையில் மடிந்த அவர், ஆங்கிலேய உயர்குடியினரின் உலகையே பெரிதும் அங்கதஞ் செய்தார். அவருடைய கதைகளை இறுதித் திருப்பத்துக்காக மட்டும் வாசித்து மறந்துவிடுவது வழக்கம். 1914இல் வெளிவந்த 'பீஸ்ட்ஸ் அன்ட் சூப்பர் பீஸ்ட்ஸ்' தொகுதியிலுள்ள 'டஸ்க்' என்ற கதை அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று என நாம் கருதுகின்றோம்.

கதை எளியது. மார்ச் மாத மாலையொன்றில் இலண்டன் பூங்கா வாங்கொன்றில் நோர்மன் கோர்ட்ஸ்பி அமர்ந்திருக்கிறான். அந்தி, வாழ்க்கையில் தோற்றவர்களுக்குரிய நேரம் என்பது அவன் எண்ணம். அருகிலிருந்த முதியவர் எழுந்து செல்ல, ஓர் இளைஞன் வந்தமர்கிறான். தங்க எண்ணிவந்த ஹோட்டல் இடிக்கப்பட்டுவிட்டதாகவும், வேறொன்றில் இடம்பெற்றபின் சவர்க்காரம் வாங்க வெளியே வந்தபோது அதன் பெயரையும் தெருவையும் மறந்துவிட்டதாகவும் கூறுகிறான். அந்தச் சவர்க்காரத்தைக் காட்ட அவனால் முடியவில்லை. சினந்து எழுந்து போகிறான். பின்னர் வாங்கினருகே சவர்க்காரப் பொதியொன்றைக் கண்ட கோர்ட்ஸ்பி, அவனைத் தேடியோடிப் பொறுத்தருளக் கேட்டு, ஒரு பவுணும் கொடுக்கிறான். திரும்பிவரும்போது முதியவர் வாங்கின் கீழே தேடிக்கொண்டிருக்கிறார். தொலைந்தது அவருடைய சவர்க்காரம்.

இங்கு ஏமாற்று எவ்வாறு வெற்றிபெறுகிறது? இளைஞனின் பொய்த் திறமையால் என்பது மேலோட்டமான விடை. அத்திறமை முதலில் தோற்றுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. கோர்ட்ஸ்பியை வீழ்த்தியது அவனே வகுத்துக்கொண்ட சான்று. கிடைத்த சவர்க்காரம், அவ்விடத்தில் யாரோ ஒருவர் சவர்க்காரத்தைத் தவறவிட்டார் என்பதையே நிறுவும். அந்த 'யாரோ' முதியவராயிருக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு ஏன் எழவில்லை?

இவ்வினாவே கதையின் உயிர்நிலை எனலாம். முதியவரை அவன் ஏற்கெனவே 'படித்து' முடித்துவிட்டான். அவரது உடையையும் தளர்ந்த தோற்றத்தையும் கொண்டு, சிறிய ஆடம்பரப் பொருளொன்றையேனும் வாங்க இயலாதவர், எவராலும் மதிக்கப்படாதவர் என அவருக்கொரு வாழ்க்கையையே கற்பித்துவிட்டான். மருந்துக்கடையில் நேர்த்தியாகச் சுற்றிக் கொடுக்கப்பட்ட சவர்க்காரத்துக்கு உரியவராக அத்தகைய ஒருவரை அவனால் காணமுடியவில்லை. இளைஞனோ நன்கு உடுத்தியவன். ஹோட்டல் சவர்க்காரத்தை வெறுக்கும் 'நாகரிக'மும் உடையவன். எனவே ஒரு அந்நியரைத் தாழ்வாக மதிப்பிட்ட பிழையே மற்றவனை நம்பும் பிழைக்கு வழிவகுத்தது. இரண்டும் ஒரே வர்க்கப் பார்வையின் இரு முகங்கள். வாசகராகிய நாமும் முதியவரை மறந்துவிடுகின்றோம். இறுதி வரி நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. வெறும் உத்தியாக அமையும் திருப்பத்திலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

உதவி கேட்போர் எல்லோரும் வஞ்சகர், ஆகவே ஈகை மடமை என்ற பொருளை இக்கதைக்குக் கற்பிப்பது எளிது. உடைமை வர்க்கத்தினருக்கு அது உவப்பானதுங் கூட. கதையின் அமைப்போ அதற்கு இடந்தரவில்லை. கோர்ட்ஸ்பியின் இரக்கத்திற் பிழையில்லை. இரக்கத்துக்குத் தகுதியானவரைத் தோற்றத்தால் தெரிந்தெடுத்ததே பிழை.

சாகியின் எல்லையையும் நாம் சுட்டவேண்டும். அந்தியில் பூங்காவுக்கு வரும் 'தோற்றவர்கள்' எதனால் தோற்றார்கள் என அவர் வினவுவதில்லை. முதியவருக்கு இறுதிவரை பெயர்தானும் இல்லை. ஆயினும், அந்தப் பெயரற்றவர் தம் பொருளைத் தேடித் திரும்பிவருவதால்தான் கோர்ட்ஸ்பியின் தீர்ப்பு முழுவதும் சரிகிறது. ஆசிரியர் கருதினாரோ இல்லையோ, அவர் கண்ட யதார்த்தம் அவருடைய வர்க்கத்தின் தன்னம்பிக்கைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.